கடிதம் எங்கே இருக்கிறது?
கைக்கருவியும் மேஜைக் கம்ப்யூட்டரும் ஒத்துப்போன வரலாறு



மலர்க் குழுவினர் வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். கோயில், கோட்டை, கல்வெட்டு பற்றியெல்லாம் எழுத நம்மில் வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். நம் எல்லோருடைய சட்டைப் பையிலும் கிடக்கிற ஒரு விஷயத்தின் வரலாறு இது.

காலையில் பஸ்ஸில் போகும்போது செல்போனில் ஒரு ஈ-மெயிலைப் படிக்கிறோம். ஆபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தால், அதே கடிதம் அங்கேயும் ‘படித்தது’ என்று காட்டுகிறது. அங்கே அதை அழித்தால் செல்போனிலும் காணாமல் போகிறது. இதற்குத்தான் ‘ஒத்திசைவு’ என்று பெயர். பேச்சு வழக்கில் ‘சிங்க்’. “அட, இதுல என்ன பெரிய விஷயம்?” என்று இன்றைய மாணவர்கள் கேட்கலாம். இந்தச் சின்னக் காரியம் ஒழுங்காக நடக்க 40 ஆண்டுகளுக்கு மேல் பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தக் கதை நெடுக ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது: அசல் கடிதம் எது, அது யாரிடம் இருக்கிறது?

இரண்டு நோட்டுக் கணக்கு

கதைக்குள் போகும் முன், சிக்கல் என்னவென்று பார்த்துவிடலாம். மாதச் சம்பளக்காரர் வீடுகளில் மளிகைக் கடைப் பற்று நோட்டு என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கும். கடைக்காரரிடம் ஒரு நோட்டு, வீட்டில் ஒரு நோட்டு. சாமான் வாங்கும்போது இரண்டிலும் எழுத வேண்டும். மாதக் கடைசியில் அப்பா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாக டிக் அடிப்பார்.

ஒரு வரி கடை நோட்டில் இருக்கிறது, வீட்டு நோட்டில் இல்லை என்று வையுங்கள். இதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வீட்டில் எழுத விட்டுப்போயிருக்கலாம். அல்லது எழுதி, பிறகு வேண்டுமென்றே அடித்திருக்கலாம். ‘இல்லை’ என்ற ஒன்றை மட்டும் பார்த்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. அதேபோல ஒரே வரியைக் கடைக்காரர் ஒருவிதமாகவும் வீட்டுக்காரர் வேறுவிதமாகவும் திருத்தியிருந்தால் யார் சொல்வது செல்லும்?

செல்போனையும் கம்ப்யூட்டரையும் ஒத்துப்போகச் செய்கிற எல்லா முறைகளும் இந்த இரண்டு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான்.

ஒரே பெட்டி இருந்த காலம்

1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என். என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையின் மூலம் ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொரு கணிப்பொறிக்கு முதல் கடிதத்தை அனுப்பினார். இரண்டு இயந்திரங்களும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன என்பது வேடிக்கையான உண்மை. ஆள் பெயரையும் இயந்திரத்தின் பெயரையும் பிரிக்க அவர் தேர்ந்தெடுத்த ‘அட்’ குறிதான் இன்றும் நம் முகவரிகளில் இருக்கிறது.

அப்போது அஞ்சல் பெட்டி என்பது ஒரு ஃபைல். புதுக் கடிதம் வந்தால் அந்த ஃபைலின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். பெரிய கணிப்பொறி ஒன்று; அதில் நமக்கு ஒரு பெட்டி; படிக்க வேண்டுமானால் அதனோடு இணைந்த டெர்மினல் முன்னால் போய் உட்கார வேண்டும். இரண்டாவது பிரதி என்ற பேச்சே இல்லாததால் ஒத்திசைவு என்ற தலைவலியும் இல்லை.

வீட்டுக்கு எடுத்துப் போகும் முறை

1980-களில் மேஜை மேல் வைக்கிற சின்னக் கணிப்பொறிகள் வந்தன. இவற்றை ராத்திரி அணைத்துவிட்டுப் போவார்கள். அணைந்து கிடக்கிற இயந்திரத்துக்குக் கடிதம் வந்தால் யார் வாங்கி வைப்பது? எப்போதும் விழித்திருக்கிற பெரிய கணிப்பொறி வாங்கி வைத்திருக்கட்டும். சின்னது எழுந்ததும் போய் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்கள். இந்த ஏற்பாட்டை 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற அம்மையார், ஆர்.எஃப்.சி. 918 என்ற ஆவணமாக எழுதி வெளியிட்டார். ‘போஸ்ட் ஆபீஸ் புரோட்டோகால்’ என்பது அதன் பெயர், சுருக்கமாக ‘பாப்’. 1988-ல் மார்ஷல் ரோஸ் எழுதிய மூன்றாம் வடிவம் உலகெங்கும் பரவியது.

பாப் எளிமையானது. தபாலாபீசுக்குப் போய், ‘எனக்கு ஏதாவது வந்திருக்கா?’ என்று கேட்டு, இருப்பதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். வாங்கியதும் தபாலாபீசில் இருக்கும் பிரதி அழிந்துவிடும். தொலைபேசி இணைப்புக்கு நிமிஷக் கணக்கில் காசு கொடுத்த காலத்தில் இது பெரிய சௌகரியம். இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம், பதில் எழுதலாம்.

அந்தக் காலத்தில் புகழ் பெற்ற அஞ்சல் மென்பொருளான யூடோராவை, இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் 1988-ல் எழுதினார். தபாலாபீசிலேயே குடியேறிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதிய யூடோரா வெல்டி என்ற எழுத்தாளரின் பெயரையே அதற்கு வைத்தார்.

ஆனால் ஒரு வீட்டில் ஒரு கணிப்பொறி இருக்கும்வரைதான் பாப் சுகம். ஆபீசில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று ஆனதும் தொல்லை ஆரம்பித்தது. ஆபீஸ் கம்ப்யூட்டர் முதலில் எழுந்தால் எல்லாக் கடிதத்தையும் அது அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டுக் கம்ப்யூட்டர் வெறும் பெட்டியைத்தான் பார்க்கும்.

இதற்கு ஒட்டுப்போட்ட மருந்துதான் ‘கடிதத்தை சர்வரிலேயே விட்டுவை’ என்ற வசதி. அப்படி விட்டுவைத்தால், அடுத்த முறை போகும்போது எது பழையது, எது புதியது என்று தெரிய வேண்டுமே! அதற்காக 1994-ல், ஒவ்வொரு கடிதத்துக்கும் மாறாத ஓர் அடையாளக் குறி கொடுக்கும் கட்டளை சேர்ந்தது. எந்தெந்தக் குறியை ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்று ஒவ்வொரு கணிப்பொறியும் தன்னிடம் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும்.

அப்படியும் பாதிக் கிணறுதான் தாண்டியது. ஆபீசில் படித்த கடிதம் வீட்டில் படிக்காததாகவே நிற்கும். அனுப்பிய கடிதமோ, எந்த இயந்திரத்திலிருந்து அனுப்பினோமோ அங்கே மட்டும்தான் இருக்கும். இதற்காகவே தங்களுக்குத் தாங்களே ஒரு நகல் அனுப்பிக்கொண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

1986: இரண்டு இடங்கள், இரண்டு பதில்கள்

பாப் பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1986-ல், இரண்டு இடங்களில் இரண்டு வேறு பதில்கள் கிடைத்தன. வரலாற்று நோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர், ‘கடிதத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்?’ என்று யோசித்தார். நம் கல்லூரி நூலகத்தில் ‘ரெஃபரன்ஸ்’ பிரிவு உண்டல்லவா? அந்தப் புத்தகங்களை வெளியே எடுத்துப் போக முடியாது. யார் வேண்டுமானாலும் வந்து, எந்த மேஜையில் வேண்டுமானாலும் வைத்துப் படிக்கலாம். கிறிஸ்பினின் வழியும் அதுதான். அசல் சர்வரில் இருக்கும். படித்தோமா, பதில் போட்டோமா, முக்கியம் என்று குறித்தோமா, அழிக்கச் சொன்னோமா என்ற குறிப்புகளும் அசலின் மேலேயே ஒட்டியிருக்கும். எத்தனை கணிப்பொறியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சிதான். இதற்கு ‘ஐமேப்’ என்று பெயர். அதன் முதல் வடிவத்தின் எழுத்துப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று சொல்கிறார்கள். கடிதங்களைக் காக்க வந்த முறையின் முதல் ஏட்டுக்கே இந்தக் கதி! இரண்டாம் வடிவம் 1988-ல் ஆவணமாக வெளிவந்தது.

அதே 1986-ல், எம்.ஐ.டி.யில் டேவிட் கிளார்க், மார்க் லாம்பர்ட் இருவரும் ‘பிசிமெயில்’ என்ற முறையை வெளியிட்டார்கள். இவர்கள் வழி நடுவழி. அசல் நடுவில் ஒரு களஞ்சியத்தில் இருக்கும். ஆனால் ஒவ்வொரு கணிப்பொறியும் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டு, இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும். மறுபடி இணைந்ததும், ‘போன தடவை நீ வந்துவிட்டுப் போன பிறகு இன்னின்னது மாறியிருக்கிறது’ என்று களஞ்சியம் ஒரு பட்டியலை நீட்டும். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனிப் பட்டியல். அஞ்சல் படிக்கும் செல்போன்கள் சந்தைக்கு வர வெகுகாலம் முன்பே, இன்று செல்போன் செய்யும் வேலையின் சாரத்தை இவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். பிசிமெயில் பரவவில்லை, அதன் யோசனை மட்டும் பிழைத்துக்கொண்டது.

1989-ல் ரே ஓஸியின் குழு வெளியிட்ட லோட்டஸ் நோட்ஸ் மென்பொருள், ‘இல்லை’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்ற நம் மளிகை நோட்டுச் சிக்கலை அழகாகக் கையாண்டது. ஓர் ஆவணத்தை அழித்தால் அது சுத்தமாகப் போய்விடாது. ‘இது இங்கே இருந்தது, அழிக்கப்பட்டது’ என்ற ஒரு சின்னத் துண்டு அந்த இடத்தில் இருக்கும். மரணச் சான்றிதழ் மாதிரி. மற்ற பிரதிகள் அதைப் பார்த்துத் தங்களிடம் இருப்பதையும் அழித்துக்கொள்ளும். இந்தச் சான்றிதழ்களையும் காலாகாலம் வைத்திருக்க முடியாதே! குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு அவையும் நீங்கும். அதற்குமேல் யாராவது ஒருவர் தன் கணிப்பொறியை இணைக்காமல் இருந்துவிட்டு வந்தால், எப்போதோ அழித்த ஆவணங்கள் மறுபடி உயிர்பெற்று எல்லோரிடமும் வந்து நிற்கும். இது கதை இல்லை. நோட்ஸைப் பராமரித்தவர்கள் நன்றாக அறிந்த தொல்லை.

1994 டிசம்பரில் ஐமேப்பின் நான்காம் வடிவம் வந்தபோது, கிறிஸ்பின் இந்த எல்லா வழிகளையும் மூன்றாக வகுத்து ஒரு சிறு ஆவணம் எழுதினார். கடிதத்தைத் தன்னிடம் எடுத்துக்கொள்வது ஒன்று. சர்வரிலேயே வைத்துப் படிப்பது இன்னொன்று. பிரதி எடுத்துக்கொண்டு போய் வேலை செய்து, பிறகு வந்து ஒத்துப்பார்ப்பது மூன்றாவது. மூன்றாவதற்கும் வசதியாக, ஒவ்வொரு கடிதத்துக்கும் ஏறுமுகமாக மட்டுமே போகிற ஓர் எண் கொடுக்கப்பட்டது. கூடவே பெட்டிக்கும் ஒரு முத்திரை எண். முத்திரை மாறியிருந்தால், ‘பழைய எண்கள் எதையும் நம்பாதே, உன் பிரதியைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பி’ என்று அர்த்தம்.

2012 டிசம்பரில் கிறிஸ்பின் மறைந்தார். இன்றும் செல்போனில் அஞ்சல் கணக்கைச் சேர்க்கும்போது, அவர் வைத்த ஐமேப் என்ற பெயர் திரையில் வருகிறது.

மதராஸில் ஒரு கறுப்புத் திரை

நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1986-ல் தொடங்கிய எர்நெட் வலையில் ஐ.ஐ.டி. மதராஸ் உள்ளிட்ட சில கல்வி நிறுவனங்கள்தான் இருந்தன. பொதுமக்களுக்கு இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நான்கு பெருநகரங்களில் தொடங்கியது. மதராஸ் அவற்றில் ஒன்று. குறைந்த கட்டணத்தில் கிடைத்தது ‘ஷெல்’ கணக்கு. மோடம் கீச்சிட்டு இணைந்ததும், கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும் வரும். பலரும் அதில் ‘பைன்’ என்ற மென்பொருளில் கடிதம் படித்தார்கள். அது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கிறிஸ்பின் ஸ்டான்ஃபோர்டை விட்டுப் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான்.

1996-ல் ஹாட்மெயில் வந்த பிறகு நம் மாணவர்களில் பெரும்பாலோர் பிரவுசிங் சென்டரில்தான் முதல் முகவரியை உருவாக்கினார்கள். அங்கே கம்ப்யூட்டர் நம்முடையது இல்லை என்பதால் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சுக்கே இடமில்லை. பாப்பும் ஐமேப்பும் என்னவென்றே தெரியாமல், ‘அசல் எங்கோ தொலைவில், நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்ற பழக்கத்துக்கு நம் தலைமுறை வந்துவிட்டது.

தொட்டிலும் பொத்தானும்

அதே 1996-ல் அமெரிக்காவில் ‘பைலட்’ என்ற கையடக்கக் கருவி வந்தது. இதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், முதலில் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, அதைக் கருவி என்று பாவித்துக்கொண்டு சில காலம் சுமந்து திரிந்தாராம். முதல் மாடலில் நினைவகம் 128 கிலோபைட்தான்.

பைலட்டின் வெற்றிக்கு ஒரு பொத்தான் முக்கியக் காரணம். கம்ப்யூட்டரோடு ஒயரில் இணைந்த தொட்டிலில் கருவியை வைத்து ‘ஹாட்சிங்க்’ பொத்தானை அழுத்தினால் போதும். முகவரிகள், நாட்குறிப்பு எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். 1997-ல் வந்த பாம்பைலட் புரொஃபஷனலில் அஞ்சலும் சேர்ந்தது. காலையில் தொட்டிலில் வைத்துக் கடிதங்களை ஏற்றிக்கொண்டு, ரயிலில் படித்துப் பதில் எழுதி, மறுபடி தொட்டிலில் வைத்தால் கம்ப்யூட்டர் வழியாக அவை போய்ச் சேரும்.

இது எப்படி வேலை செய்தது? ஒவ்வொரு பதிவின் மேலும் ‘மாறியது’, ‘அழித்தது’ என்று குறிக்க ஒரு சின்ன அடையாளம். போன தடவை இணைந்த அதே கம்ப்யூட்டர் என்றால், அடையாளமிட்ட பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும். சில விநாடி வேலை. வேறு கம்ப்யூட்டர் என்றால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும், மெதுவான வேலை. இரண்டு பக்கமும் ஒரே பதிவைத் திருத்தியிருந்தால்? பைலட் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, ‘நீங்களே பார்த்து முடிவு பண்ணிக்குங்க’ என்று விட்டுவிடும். மளிகைக் கடைக்காரரும் சண்டையைத் தவிர்க்க இதையேதான் செய்வார்.

இடுப்பில் மாட்டிய தபாலாபீஸ்

பைலட்டில் ஒரு குறை: தொட்டிலுக்கு வந்தால்தான் கடிதம் வரும். கனடாவின் வாட்டர்லூ நகரிலிருந்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனம் 1999-ல் ‘பிளாக்பெர்ரி’ என்ற பெயரில் விட்ட கருவி, இதைத் தலைகீழாக்கியது. கடிதத்தைத் தேடி நாம் போக வேண்டாம். அது நம்மைத் தேடி வரும். பேஜர் மாதிரி இடுப்பில் மாட்டிக்கொண்டால், கடிதம் வந்ததும் துடிக்கும்.

ஆரம்பத்தில் இதற்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட வேண்டும். கடிதம் வந்ததும் அது ஒரு பிரதியைப் பூட்டுப் போட்டுக் கருவிக்கு அனுப்பும். யாராவது மின்சாரச் சிக்கனம் என்று அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டால் கருவிக்குத் தபால் நின்றுவிடும்! பிறகு நிறுவன சர்வரிலேயே அந்த வேலையைச் செய்யும் ஏற்பாடு வந்தது. கடிதம் காற்றில் வந்தாலும், படித்ததையும் அழித்ததையும் ஒத்துப்பார்க்க முதலில் தொட்டில்தான் வேண்டியிருந்தது. அதுவும் காற்றில் நடக்கச் சில ஆண்டுகள் ஆயின.

அசல் யாரிடம் என்ற கேள்வி அரசாங்கங்களுக்கும் வந்தது. பிளாக்பெர்ரி கடிதங்களைப் பாதுகாப்புக் காரணங்களுக்காகப் பார்க்க வழி வேண்டும் என்று 2010-ல் இந்திய அரசு கெடு வைத்ததும், பின்னர் மும்பையில் ஒரு சர்வர் நிறுவப்பட்டதும் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டன. நம் கடிதம் எங்கே கிடக்கிறது என்பதைப் பலர் அப்போதுதான் முதன்முதலாக யோசித்தார்கள்.

பதில் சொல்லாமல் காத்திருக்கும் சர்வர்

பிளாக்பெர்ரிக்குத் தனி வலையமைப்பு தேவைப்பட்டது. மற்றவர்கள் சாதாரண இணைய இணைப்பிலேயே அந்த வேலையைச் செய்ய வழி தேடினார்கள். மைக்ரோசாஃப்டின் ‘டைரக்ட் புஷ்’ 2005-ல் எக்ஸ்சேஞ்ச் சர்வரோடு வந்தது. செல்போன் சர்வரிடம், ‘ஏதாவது புதுசா வந்திருக்கா?’ என்று கேட்கும். சர்வர் உடனே பதில் சொல்லாது. கேள்வியை அப்படியே நிறுத்திவைத்துக் காத்திருக்கும். கடிதம் வந்தால் அந்தக் கணமே ‘வந்தாச்சு’ என்று சொல்லும். குறித்த நேரம்வரை ஒன்றும் வராவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லும். செல்போன் மறுபடி கேட்கும். ஐமேப்பிலும் இதே மாதிரி காத்திருக்கும் ஒரு கட்டளை 1997-லேயே சேர்ந்துவிட்டது. 2006-ல், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் கொடுக்கும் வசதியும் வந்தது. ‘இந்த எண்ணுக்குப் பிறகு மாறியதை மட்டும் சொல்லு’ என்று கேட்டால் போதும். பிசிமெயில் நீட்டிய பட்டியல் 20 ஆண்டு கழித்து வேறு வேஷத்தில் வந்தது என்றே சொல்லலாம்.

2004 ஏப்ரல் 1-ம் தேதி ஒரு ஜிகாபைட் இடத்தோடு ஜிமெயில் வந்தபோது, தேதியைப் பார்த்து விளையாட்டு என்று நினைத்தவர்கள் உண்டு. 2007 அக்டோபரில் அதில் ஐமேப் வசதி சேர்ந்தது. அதே ஆண்டு ஐபோன் வெளிவந்தது. 2008 ஜூலையில் அது மைக்ரோசாஃப்டின் ஒத்திசைவு முறையையும் ஏற்றுக்கொண்டது. தொட்டிலும் பொத்தானும் மெல்ல மறைந்தன. 2019-ல் ‘ஜேமேப்’ என்ற புதிய முறையும், 2021-ல் ஐமேப்பின் திருத்திய வடிவமும் வந்திருக்கின்றன. சர்வரில் அசல், கருவிகளில் பிரதி என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை.

2011 கற்றுக்கொடுத்த பாடம்

இத்தனை வசதி வந்த பிறகு, கடிதம் பத்திரமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? 2011-ல் நடந்த இரண்டு சம்பவங்கள் கூடாது என்கின்றன.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள், ஜிமெயில் வைத்திருந்தவர்களில் சிலர் கணக்கைத் திறந்தபோது பெட்டி காலியாகக் கிடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 0.02 சதவீதம்தான் என்று கூகுள் சொன்னது. சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழைதான் காரணம். பல மையங்களில் பல பிரதிகள் இருந்தும் பயன்படவில்லை. எல்லாப் பிரதிகளும் ஒரே மென்பொருளின் பிடியில் இருந்தன, பிழை எல்லாவற்றையும் தொட்டது. கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? டேப்! வலையோடு இணைக்காமல் தனியே வைத்திருந்த பழைய காலத்து நாடாக்களிலிருந்து கடிதங்களைத் திரும்ப ஏற்றினார்கள்.

அக்டோபர் 10-ம் தேதி பிளாக்பெர்ரி சேவை நின்றது. இங்கிலாந்தின் ஸ்லாவ் நகரிலிருந்த மையத்தில் ஒரு முக்கியக் கருவி பழுதானது. மாற்று ஏற்பாடும் எதிர்பார்த்தபடி கை கொடுக்கவில்லை. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, இந்தியா, பிறகு அமெரிக்கக் கண்டம் என்று மூன்று நாள் தடுமாற்றம். 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெர்ரி கருவிகளுக்கான சேவையே நிறுத்தப்பட்டது.

ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு என்பதைத்தான் முதல் சம்பவம் சொல்கிறது. ஒத்திசைவு என்பது கீழ்ப்படிதல். ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிக்கும். அழித்தது நாமா, திருடனா, மென்பொருள் பிழையா என்று கேட்காது. காப்புப் பிரதி அழிப்பு உத்தரவு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஐந்து கருவிகளில் தெரிகிற ஒரு கடிதம் ஐந்து கடிதம் அல்ல. ஒரு கடிதம், ஐந்து ஜன்னல்.

நம் கடிதங்கள்

எங்கள் செட்டில் ஒரு நண்பர் வேலைக்காக வெளிநாடு போனவர். போன புதிதில் எங்கள் எல்லோருக்கும் நீள நீளமாக ஈ-மெயில் எழுதுவார். ஆங்கில எழுத்தில் தமிழ். முதல் பனி, முதல் சம்பளம், சாம்பார் பொடி தீர்ந்துபோன சோகம் என்று எல்லாம் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று அந்தக் கடிதங்களைத் தேடினோம். பெரும்பாலோர் அவற்றை ஓர் இலவச அஞ்சல் சேவையிலேயே விட்டுவைத்திருந்தோம். நெடுநாள் திறக்காத கணக்கு என்று அந்தச் சேவை எல்லாவற்றையும் நீக்கிவிட்டிருந்தது. ஒருவரிடம் மட்டும் இருந்தது. அவர் அந்நாளிலேயே மோடம் போட்டு, பாப் முறையில் கடிதங்களை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இறக்கிவைத்தவர். பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஒரு ஃபைல். 1971-ல் போலவே, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய கடிதங்கள். சாதாரண எழுத்து மென்பொருளிலேயே திறந்துகொண்டது. அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். அப்பாவின் இருபத்தைந்து வயதுக் குரலை அவர்கள் அதில்தான் கேட்டார்கள்.

இதற்காகப் பாப்புக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருந்தால் அதுவும் போயிருக்கும். அவரிடம் ஒரு பிரதி தனியே இருந்தது என்பதுதான் விஷயம்.

ஆகவே தம்பி தங்கைகளுக்கும், என் வயதுக்காரர்களுக்கும் சில வார்த்தைகள். உங்கள் அஞ்சல் சேவையில் எல்லாக் கடிதங்களையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஜிமெயில் போன்றவற்றில் உண்டு. ‘எம்பாக்ஸ்’ என்ற வடிவத்தில் இறக்குங்கள். அது வெறும் எழுத்து ஃபைல் என்பதால், எந்த நிறுவனம் மூடினாலும் படிக்கலாம். அதைத் தனி டிஸ்க்கில் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று புத்தகத்தோடு அதையும் எடுத்துத் துடைத்து, புதுக் கடிதங்களைச் சேர்த்து, திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கணக்குகளுக்குள் எப்போதாவது போய் வாருங்கள். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுளே 2023-ல் விதி வகுத்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள் சங்க நிர்வாகிகளுக்கு. ஒவ்வொரு செட்டிலும் இப்படிப்பட்ட பழைய ஃபைல் யாரிடமாவது தூங்கிக்கொண்டிருக்கும். எழுதியவர்களின், அல்லது அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு அவற்றைச் சேகரித்துக் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வைத்தால், நாளைக்கு இந்தக் கல்லூரியின் வரலாற்றை எழுதுகிறவருக்குப் பெரிய உதவியாக இருக்கும். இந்த விழாவுக்கு வந்திருக்கும் நண்பர்கள் ஊர் திரும்பியதும், அவரவர் பழைய கம்ப்யூட்டரை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறேன்.